கஹோக்கியா: வெறும் மண்மேட்டை நகரம் என்று சொல்லலாமா?

மார்ச் 4, ஒரு வாசகரின் கேள்வி

போன வாரம் சிகாகோவிலிருந்து செயின்ட் லூயிஸுக்குக் காரில் போகும்போது கஹோக்கியா மேடுகள் என்ற பலகையைப் பார்த்து இறங்கினோம். யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம் என்று போட்டிருக்கிறது. உள்ளே போனால் புல் முளைத்த மண்மேடுகள். ஒரு கல் கட்டடம் இல்லை, ஒரு தூண் இல்லை. கொலம்பஸுக்கு முன்பே இருந்த பெரிய நகரம், அன்றைய லண்டனைவிடப் பெரியது என்கிறார்கள். மெக்சிகோவில் தியோத்திவாக்கான் என்ற பழைய கல் பிரமிடு நகரத்தைப் பார்த்தவன் நான். இதை நகரம் என்பது கொஞ்சம் அதிகப்படி இல்லையா? நகரம்தான் என்றால் அத்தனை பேரும் எங்கே மாயமாகிப் போனார்கள்?

மார்ச் 4, இரவு

நகரம்தான். கல் இருந்தால்தான் நகரமா? அது மிசிசிப்பி ஆறு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் வண்டல் கொட்டிப் பரப்பிய சமவெளி, அமெரிக்கன் பாட்டம் என்று பெயர். கல் வேண்டுமென்றால் சமவெளி ஓரத்துக் குன்றுகள்வரை போக வேண்டும். காலடியில் கிடைத்தது மண், பக்கத்தில் கிடைத்தது மரமும் புல்லும். அவற்றை வைத்துக் கட்டினார்கள். மரமும் கூரையும் மக்கிவிட்டன, மண் நின்றது. நீங்கள் பார்த்தது நகரத்தின் அடிப்பாகத்தை மட்டும்தான்.

சுமாராக 1050 முதல் 1350 வரை அந்த ஊர் இருந்தது. 16 சதுர கிலோமீட்டர் பரப்பில் 120 மேடுகள்வரை இருந்தன. அவற்றின் நடுவே சதுக்கங்கள், தெருக்களைப்போல ஒழுங்கில் வீடுகள், நீர் தேங்கிய குழிகள். மொத்த ஊரும் ஒரே திசைக்கோட்டைப் பிடித்துக்கொண்டு அமைந்திருக்கிறது, நேர் வடக்கிலிருந்து சுமார் 5 டிகிரி விலகி. நடுச் சதுக்கம் கிட்டத்தட்ட 50 ஏக்கர். அது இயற்கையாகச் சமமான நிலம் இல்லை. மேடுபள்ளமாக இருந்ததை வெட்டியும் நிரப்பியும் சமப்படுத்தியிருக்கிறார்கள். காரை நிறுத்திவிட்டு நீங்கள் நடந்துபோன அந்தப் புல்வெளியே ஒரு கட்டுமானம்.

மாயமானது பற்றி அப்புறம் எழுதுகிறேன். அந்தக் கேள்வியில் எனக்குச் சண்டை இருக்கிறது.

மார்ச் 5

லண்டன் ஒப்பீட்டைப் பற்றிக் கேட்கிறார்கள். அதைப் பிடித்துத் தொங்க வேண்டாம் என்பதே என் கருத்து. கஹோக்கியாவின் உச்சகட்ட மக்கள்தொகைக்குப் பரவலாகச் சொல்லப்படும் மதிப்பு 10,000 முதல் 20,000 வரை. 40,000 வரை போகிறவர்களும் உண்டு. வீடுகளின் எண்ணிக்கை, ஒரு வீடு எத்தனை ஆண்டு நின்றிருக்கும், ஒரு வீட்டில் எத்தனை பேர் என்ற மூன்று ஊகங்களைப் பெருக்கி வரும் எண் அது. ஒன்றைக் கொஞ்சம் தள்ளினால் விடை இரட்டிப்பாகும். அந்தக் கால லண்டனின் கணக்கும் மதிப்பீடுதான். இரண்டு மதிப்பீடுகளை மோதவிட்டு யார் பெரியவர் என்று பார்ப்பதில் என்ன கிடைக்கப்போகிறது?

எனக்குப் பெரிதாகத் தெரிவது வேறு. அங்கே புதைக்கப்பட்டவர்களின் பற்களில் உள்ள ஸ்ட்ரான்சியம் என்ற தனிமத்தை ஆராய்ந்து 2014இல் ஒரு கட்டுரை வந்தது. குழந்தையாக இருந்தபோது எந்த ஊர்த் தண்ணீர், எந்த ஊர்ச் சாப்பாடு என்பது பல்லில் பதிந்துவிடும். குறைந்தது மூன்றில் ஒருவர் வெளியூரிலிருந்து வந்து குடியேறியவர் என்று அதில் தெரிந்தது. பல திசைகளிலிருந்து வந்து குடியேறி, அடுத்த வீட்டுக்காரர் யாரோ எவரோ என்று இருந்தாலும் ஒரே ஒழுங்குக்குள் வாழ்ந்திருக்கிறார்கள். எனக்கு நகரம் என்பதன் பொருள் அதுதான்.

மார்ச் 7

இன்று பெரிய மேட்டைப் பற்றி மட்டும். மாங்க்ஸ் மவுண்ட், அதாவது துறவிகள் மேடு, என்று எல்லோரும் சொல்வது. 1800களின் தொடக்கத்தில் கொஞ்ச காலம் அங்கே டிராப்பிஸ்ட் துறவிகள் தங்கி அதன் படிமட்டத்தில் தோட்டம் போட்டிருந்தார்கள், அதனால் வந்த பெயர். கட்டியவர்களுக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை.

உயரம் சுமார் 30 மீட்டர். அடிப்பரப்பு கிட்டத்தட்ட 14 ஏக்கர். நான்கு படிமட்டங்கள். கொள்ளளவு ஆறு லட்சம் கன மீட்டருக்கும் மேல். நான் அஸ்திவாரத்துக்கு மண் பரிசோதனை செய்கிற வேலையில் இருக்கிறேன், ஆற்றின் இந்தப் பக்கம் செயின்ட் லூயிஸில். எனவே இதை என் மொழியில் சொல்கிறேன். ஒரு டிப்பர் லாரி 10 கன மீட்டர் ஏற்றும் என்று வைத்தால் 60,000 நடை. அவர்களிடம் லாரி இல்லை, மாடு இல்லை, குதிரை இல்லை, சக்கரம் இல்லை. கல் மண்வெட்டியால் வெட்டி, கூடையில் அள்ளி, தலையிலோ முதுகிலோ சுமந்து கொட்டியிருக்கிறார்கள்.

ஆனால் என்னை அசரவைப்பது அளவு இல்லை. அந்த மண்ணைக் கையாண்ட விதம். அந்தச் சமவெளியில் கிடைக்கும் களிமண்ணில் ஒரு வகை தண்ணீர் பட்டால் ஊதும், காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். நம் கரிசல் மண்ணின் குணம் அப்படியே. கோவில்பட்டிப் பக்கம் வீடு கட்டியவர்களைக் கேட்டால் தெரியும், அந்த மண்மேல் சுவர் நிற்பதற்கு என்ன பாடு பட வேண்டும் என்று. இவர்கள் அதே மாதிரி மண்ணை அடியில் வைத்து 30 மீட்டர் எழுப்பியிருக்கிறார்கள். ஊதுகிற களிமண் எப்போதும் ஒரே ஈரத்தில் இருந்தால் தொந்தரவு தராது. காயவிட்டால்தான் வெடிக்கும், மீண்டும் நனைந்தால் வழுக்கும். மேட்டின் உள்ளே களிமண் அடுக்கு, மணல் அடுக்கு என்று மாறிமாறி வருகிறது. மேலே விழும் மழை மணல் வழியாக வெளியேற வேண்டும், அடியில் இருக்கிற களிமண் காயவும் கூடாது. புல்லோடு வெட்டிய மண்கட்டிகளை அடுக்கிய இடங்களும் உண்டு. இதை யாரோ முதல் தடவையிலேயே கண்டுபிடித்திருக்க முடியாது. சின்ன மேடுகளில் சரிந்து, திருத்தி, மறுபடி கட்டிக் கற்ற அறிவு அது. மண்ணைத் தெரிந்த ஆட்கள் அங்கே இருந்திருக்கிறார்கள், தலைமுறை தலைமுறையாக.

1980களிலிருந்து அதில் சரிவுகள் வந்திருக்கின்றன, 2000களில் பழுது பார்த்தார்கள். அது கட்டியவர்களின் குறை என்று சொல்வதை நான் ஏற்கமாட்டேன். தொள்ளாயிரம் ஆண்டு ஒரு பராமரிப்பும் இல்லாமல் மழையிலும் பனியிலும் நின்ற மண் அது. நாங்கள் கட்டும் சாலைக்கரைகள் நூறு ஆண்டு நின்றாலே பெரிது.

மார்ச் 8

மேலே சொல்ல விட்டுப்போனது. உச்சியில் மரத்தால் ஆன பெரிய கட்டடம் ஒன்று இருந்தது, நீளம் 30 மீட்டருக்கும் மேல். தூண் நட்ட குழிகள் கிடைத்திருக்கின்றன. தலைவரின் வீடா, கோயிலா, இரண்டுமா என்பது விவாதம். ஆக, நீங்கள் ஏறிய 150க்கும் மேற்பட்ட படிகளுக்கு மேல் இன்னும் பல மீட்டர் உயரத்துக்குக் கூரை எழும்பி நின்றிருக்கும். படகில் வந்த ஒருவருக்கு அது எவ்வளவு தூரத்திலிருந்து தெரிந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இன்னொன்று. அந்த முழு மேடும் ஒரு இருபது ஆண்டுகளுக்குள்ளேயே கட்டி முடிக்கப்பட்டிருக்கலாம் என்று பிற்கால ஆய்வு ஒன்று சொல்கிறது. முன்பெல்லாம் இருநூறு, முந்நூறு ஆண்டுகளாகக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்தியது என்று எழுதுவார்கள். அடுக்குகளுக்கு நடுவே மண் காற்றிலும் மழையிலும் கிடந்து பழுத்த அறிகுறி குறைவாக இருப்பதைப் பார்க்கும்போது எனக்கு வேகமான கணக்கே சரியாகப் படுகிறது. அப்படியென்றால் ஒரே தலைமுறை. ஆரம்பத்தில் கூடை சுமந்த இளைஞர், முடிவில் தன் பிள்ளை சுமப்பதைப் பார்த்திருப்பார்.

மார்ச் 12

என்ன சாப்பிட்டார்கள் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி, ஏனென்றால் எல்லாப் புத்தகங்களும் மக்காச்சோளம் என்ற ஒரே சொல்லில் முடித்துவிடுகின்றன. மக்காச்சோளம் முக்கியம்தான், அது இல்லாமல் அவ்வளவு கூட்டத்துக்குச் சோறு போட்டிருக்க முடியாது. ஆனால் மக்காச்சோளம் வருவதற்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பே அந்த மக்கள் தாங்களாகவே பயிர்களைப் பழக்கி வைத்திருந்தார்கள். சூரியகாந்தி, பூசணி வகை, அப்புறம் சின்னச் சின்ன விதைக்காக வளர்த்த செடிகள். அதில் ஒன்று நம் சக்கரவர்த்திக் கீரையின் பேரினத்தைச் சேர்ந்தது. அதை விதைக்காக விளைவித்திருக்கிறார்கள். விதையின் தோல் மெல்லியதாகும்வரை தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். மக்காச்சோளம் வந்த பிறகும் அவற்றை விட்டுவிடவில்லை, இரண்டையும் சேர்த்தே விளைவித்தார்கள்.

இந்தப் பயிர்கள் பல இன்று வயலில் இல்லை. பழக்கப்படுத்திய வகை அழிந்துபோய், காட்டு வகை மட்டும் சாலையோரத்தில் களையாக நிற்கிறது. இது எனக்கு மேடுகள் அழிந்ததைவிடப் பெரிய இழப்பாகத் தெரிகிறது.

கல் மண்வெட்டிகள் தெற்கு இல்லினாயின் மில் கிரீக் என்ற இடத்துக் கல்லில் செய்தவை. செம்பு வடக்கே பெரிய ஏரிகளின் பக்கமிருந்து, சிப்பி தெற்கே மெக்சிகோ வளைகுடாவிலிருந்து, மைக்கா கிழக்கு மலைகளிலிருந்து வந்தது. குவளைகளில் ஒட்டியிருந்த கறையை ஆராய்ந்து 2012இல் வெளியிட்டார்கள்: கஃபீன் உள்ள ஒரு பானம். அந்தப் பானம் காய்ச்சும் இலை கஹோக்கியா பக்கம் வளராது, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தெற்கேயிருந்து வர வேண்டும். ஒரு குழியில் விருந்தின் மிச்சம் அப்படியே மக்காமல் கிடைத்திருக்கிறது: மான் எலும்பு, உடைந்த பானைகள், புகையிலை விதை. சதுக்கத்தைச் சமப்படுத்தும் வேலையையும் மேடு கட்டும் வேலையையும் சாட்டைக்குப் பயந்து மட்டும் செய்தார்கள் என்று இதைப் பார்த்தபிறகு என்னால் நினைக்க முடியவில்லை. திருவிழாவுக்கு வருவதுபோல் வந்திருக்கிறார்கள், சாப்பிட்டிருக்கிறார்கள், சுங்கி விளையாடியிருக்கிறார்கள் (கல் வட்டை உருட்டிவிட்டு, அது நிற்கப்போகும் இடத்தைக் கணித்து ஈட்டி எறியும் ஆட்டம்), மண்ணும் சுமந்திருக்கிறார்கள்.

மார்ச் 21

நேற்று விடிவதற்கு முன் மரத்தூண் வட்டத்துக்குப் போயிருந்தேன். வுட்ஹெஞ்ச். சம இரவு நாள் ஒட்டி அங்கே ஒரு கூட்டம் வரும். குளிர் விடவில்லை, போர்வையைச் சுற்றிக்கொண்டு குழந்தைகள்.

கதை தெரியாதவர்களுக்கு: 1960களின் தொடக்கத்தில் அந்த வழியாக நெடுஞ்சாலை போடத் திட்டமிட்டார்கள். போடுவதற்கு முன் அவசரமாகத் தோண்டியபோது, வாரன் விட்ரி என்ற தொல்லியலாளர் வரைபடத்தில் பெரிய தூண் குழிகள் வட்டத்தின் வில்லாக வளைந்து வருவதைக் கவனித்தார். ஒன்று இல்லை, அடுத்தடுத்த காலங்களில் போட்ட பல வட்டங்கள். 24, 36, 48, 60 என்று தூண்களின் எண்ணிக்கை பன்னிரண்டு பன்னிரண்டாக மாறுகிறது. செஞ்சீடர் மரம். 48 தூண் கொண்ட வட்டத்தைத்தான் 1985இல் அதே இடத்தில் மறுபடி நட்டார்கள். வட்டத்தின் விட்டம் 125 மீட்டர். சம இரவு நாள்களில் நடுவிலிருந்து பார்த்தால் கிழக்கே பெரிய மேட்டின் முன்பகுதியிலிருந்து சூரியன் கிளம்பும்.

அது வெறும் நாள்காட்டி என்று சிலர் எழுதுவார்கள். விதைக்கும் நாள் தெரிந்துகொள்ள ஒரு விவசாயிக்கு 48 தூண் தேவையில்லை, இரண்டு குச்சி போதும். அத்தனை பெரிய மரங்களை வெட்டிக் கொண்டுவந்து நட்டது பலர் சேர்ந்து நின்று ஒரே நேரத்தில் ஒரே திசையைப் பார்ப்பதற்காக. நேற்று அந்தக் கூட்டத்தில் நின்றபோது எனக்கு அதில் சந்தேகம் இருக்கவில்லை.

மார்ச் 29

விருந்து, திருவிழா என்று நான் அழகாகவே எழுதிக்கொண்டு போகிறேன், 72ஆம் மேட்டைப் பற்றி ஏன் பேசவில்லை என்று ஒருவர் சுட்டியிருக்கிறார். பேச வேண்டும்தான்.

1967 முதல் 1971 வரை மெல்வின் ஃபவுலர் தோண்டிய சின்ன மேடு. உயரம் மூன்று மீட்டர்கூட இல்லை. உள்ளே 270 பேருக்கு மேல். பருந்தின் வடிவத்தில் பரப்பிய சுமார் 20,000 சிப்பி மணிகளோடு ஒருவர் கிடந்தார். பெரிய தலைவர், ஆண், வீரர் என்று பல ஆண்டுகள் எழுதினார்கள். அதே மேட்டில் ஒரு குழியில் 53 இளம்பெண்கள் வரிசையாக. இன்னோரிடத்தில் தலையும் கைகளும் இல்லாத நான்கு ஆண்கள். வேறொரு குழியில் 39 பேர், அடித்துக் கொல்லப்பட்டு விழுந்த நிலையில்.

இதை மறைத்துவிட்டு அந்த நகரத்தைப் போற்ற எனக்கு விருப்பமில்லை. அதிகாரம் இருந்தது, அது உயிரை எடுக்கும் அளவுக்குப் போனது. அந்தப் பெண்களின் எலும்பைச் சோதித்தபோது அவர்கள் அதிகம் மக்காச்சோளமே சாப்பிட்டு வளர்ந்தவர்கள், இறைச்சி குறைவு என்று தெரிந்தது. மரியாதையோடு புதைக்கப்பட்டவர்கள் நன்றாகச் சாப்பிட்டிருக்கிறார்கள். யார் வீட்டுப் பிள்ளைகள் செத்தார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம். வேற்றூரிலிருந்து பிடித்துவந்த பெண்கள் என்று முன்பு சொன்னார்கள். பற்களைப் பார்த்த பிந்தைய ஆய்வு, அவர்களில் பெரும்பாலோர் அந்தப் பகுதியைச் சேர்ந்தவர்கள் என்றே காட்டுகிறது. அது எனக்கு இன்னும் கடினமாக இருக்கிறது.

அப்புறம் அந்தப் பெரிய தலைவர். 2016இல் எலும்புகளை மறுபடி எண்ணிப் பார்த்து வெளியிட்டார்கள். நடுவில் இருந்தது ஓர் ஆணும் ஒரு பெண்ணும், ஜோடியாக. சுற்றியிருந்தவர்களிலும் இருபாலரும் உண்டு. ஆண் வீரர் வழிபாடு என்று கட்டிய விளக்கம் ஆட்டம் கண்டது. படைப்பும் விளைச்சலும் சார்ந்த சடங்கு என்ற பக்கம் இப்போது பேச்சு சாய்கிறது. பக்கத்து ஊர் ஒன்றில் 1979இல் கிடைத்த பர்கர் சிலை என்று ஒன்று உண்டு. மண்டியிட்ட பெண் ஒருத்தி பாம்பின் முதுகைக் கல் மண்வெட்டியால் கொத்துகிறாள், பாம்பின் வால் பூசணிக் கொடியாகி அவள் முதுகில் ஏறுகிறது. அதையும் இதையும் சேர்த்துப் பார்க்கும்போது பெண்தெய்வம், மண், விதை என்ற கோடு தெரிகிறது. ஆனால் கொலை என்ன காரணத்துக்காக என்பதற்கு விதை என்ற சொல் பதிலாகிவிடாது. அந்த 53 பேருக்கு அந்தச் சடங்கு என்னவாக இருந்தது என்பதை யோசிக்காமல் அழகியல் பேச முடியாது.

ஏப்ரல் 2

"அமெரிக்கப் பழங்குடிகளால் இதைக் கட்டியிருக்க முடியாது, வேறு ஏதோ இனம்" என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். இந்தக் கதைக்கு வயது இருநூறு. 1800களில் குடியேறிய வெள்ளையர்கள் மேடுகளைப் பார்த்து, இதைக் கட்டியவர்கள் காணாமல்போன ஓர் உயர்ந்த இனம், இப்போதிருக்கிற இந்தியர்கள் அவர்களை அழித்துவிட்டு வந்தவர்கள் என்று கதை கட்டினார்கள். அந்தக் கதை யாருக்கு உதவியது என்று பாருங்கள். 1830இல் பழங்குடிகளை மிசிசிப்பிக்கு மேற்கே துரத்தும் சட்டம் வந்தது. நிலத்துக்கு உண்மையான சொந்தக்காரர்கள் இவர்கள் இல்லை என்றால் துரத்துவது எளிது. 1894இல் சைரஸ் தாமஸ் அரசு ஆய்வறிக்கையில் மேடுகளைக் கட்டியவர்கள் இந்த மக்களின் முன்னோர்கள்தான் என்று நிறுவினார். அதற்குள் பெரும்பாலோர் துரத்தப்பட்டாகிவிட்டது. தயவுசெய்து அந்தக் கதையைத் தமிழில் மறுபடி கொண்டுவராதீர்கள்.

ஏப்ரல் 9

சரி, மாயமானது.

ஊர் ஏன் காலியானது என்பதற்கு ஒவ்வொரு பத்தாண்டும் ஒரு பதில் வருகிறது. 1990களில் மரம். காட்டை வெட்டித் தீர்த்தார்கள், குன்றுகளிலிருந்து மண் அரித்து ஓடை அடைத்து, சமவெளியில் வெள்ளம் வந்தது என்றார்கள். மதில் ஒன்றைப் பாருங்கள், அதில் நியாயம் இருப்பதுபோலவே தெரியும்: 1175 வாக்கில் நகரத்தின் மையத்தைச் சுற்றிச் சுமார் மூன்று கிலோமீட்டருக்கு மரக்கட்டை மதில் எழுப்பினார்கள், மீண்டும் மீண்டும் புதுப்பித்தார்கள், ஒவ்வொரு தடவையும் 15,000க்கு மேல் கட்டைகள். 2009இல் மரவளையங்களை வைத்து வறட்சி என்றார்கள். 2015இல் பக்கத்திலுள்ள குதிரைலாட ஏரியின் அடிவண்டலை எடுத்துப் பார்த்து 1200 வாக்கில் பெருவெள்ளம் என்றார்கள்.

2021இல் கெய்ட்லின் ராங்கின் அந்த மரக்கதையைச் சோதித்தார். ஓடைக்கு அருகே ஒரு மேட்டின் அடியில் தோண்டிப் பார்த்தார். அரித்து வந்த மண் படிந்திருக்க வேண்டிய இடத்தில், மக்கள் இருந்த காலம் முழுவதும் தரை அசையாமல் அப்படியே இருந்திருக்கிறது. காடழிப்பால் வந்த வெள்ளத்துக்கு அங்கே சான்று இல்லை. எனக்கு அந்த ஆய்வு பிடித்ததற்குக் காரணம் அவர் செய்தது என் வேலைதான்: குழி எடு, அடுக்கைப் பார், தரை எங்கே இருந்தது என்று கேள். இயற்கையை அழித்ததால் அழிந்தார்கள் என்ற நீதிக்கதை இருபதாம் நூற்றாண்டின் கவலையை அவர்கள் தலையில் வைத்தது என்று எனக்கு வெகுநாளாகவே தோன்றிக்கொண்டிருந்தது.

வறட்சியை நான் தள்ளிவிடவில்லை. விளைச்சல் குறைந்தால் களஞ்சியத்தைக் கையில் வைத்திருப்பவர்மேல் நம்பிக்கை குறையும். 12ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கிழக்கு செயின்ட் லூயிஸ் பக்கத்துப் பேட்டை ஒன்று எரிந்திருக்கிறது. மதில் எழுவதும் அந்தக் காலத்தையொட்டித்தான். உள்ளே மதில் கட்டித் தங்களைப் பிரித்துக்கொள்ளும் தலைமை, வெளியே மூன்றில் ஒரு பங்கு வந்தேறிகள், நடுவே பஞ்சம். மக்கள் அழிய வேண்டியதில்லை, கிளம்பிப் போனால் போதும். ஒரு நாளில் இல்லை, நூறு நூற்றைம்பது ஆண்டுகளாகக் குடும்பம் குடும்பமாக.

ஏப்ரல் 10

நேற்று எழுதியதோடு சேர்த்துப் படிக்க. ஏரி வண்டலில் மனித மலத்திலிருந்து வந்து தங்கும் வேதிப்பொருளை அளந்து எத்தனை பேர் அக்கம்பக்கத்தில் வாழ்ந்தார்கள் என்று ஏ. ஜே. ஒயிட் குழு 2020இல் கணித்தது. 1400 வாக்கில் அடிமட்டத்துக்கு இறங்குகிறது. ஆனால் 1500 வாக்கில் மறுபடி ஏறுகிறது. வேறு பழங்குடி மக்கள் வந்து, வேட்டையும் பயிருமாக, சிறு ஊர்களில் அங்கேயே வாழ்ந்திருக்கிறார்கள். பிரெஞ்சுக்காரர்கள் 1600களில் வந்தபோது சந்தித்த இல்லினாய் கூட்டமைப்பு மக்கள் அவர்களோடு சேர்ந்தவர்கள். கஹோக்கியா என்ற பெயரே அந்த மக்களில் ஒரு பிரிவின் பெயர். ஆக, ஆள் இல்லாத பாழ்நிலம் ஐரோப்பியருக்காகக் காத்துக் கிடந்தது என்பதும் கதைதான்.

ஏப்ரல் 18

நகரத்தைக் கட்டியவர்களின் வழிவந்தவர்கள் யார்? ஓசேஜ், ஓமஹா, போன்கா, கா, குவாபா ஆகிய மக்கள் நெருங்கிய உறவுள்ள மொழிகளைப் பேசுகிறவர்கள். அவர்களின் முன்னோர்கள் அங்கே இருந்தார்கள் என்பதை அவர்களின் வாய்மொழி வரலாறும் சொல்கிறது, ஆய்வாளர் பலரும் ஒப்புகிறார்கள். இன்று அவர்களுக்கு அரசாங்கம் இருக்கிறது, நீதிமன்றம் இருக்கிறது, பள்ளி இருக்கிறது, பெரும்பாலும் ஓக்லஹோமாவில். அங்கே அவர்கள் விரும்பிப் போகவில்லை.

செயின்ட் லூயிஸ் ஆற்றங்கரையில் ஒரே ஒரு பழைய மேடு மிச்சம் இருக்கிறது, சுகர்லோஃப் மவுண்ட். அதன் உச்சிப் பகுதியை 2009இல் ஓசேஜ் நேஷன் விலை கொடுத்து வாங்கியது. தங்கள் முன்னோர் கட்டியதைத் தாங்களே காசு கொடுத்து. அதன்மேல் ஒரு வீடு இருந்தது, அதை இடித்துவிட்டு மேட்டைக் காப்பாற்றுகிறார்கள். எங்கே மாயமானார்கள் என்று கேட்டீர்கள். தொலைபேசி எடுத்தால் பேசலாம்.

மே 3

மிச்சம் ஏன் ஒன்றுதான் என்று கேட்டதற்கு.

செயின்ட் லூயிஸுக்கு ஒரு காலத்தில் மேட்டு நகரம் என்றே பட்டப்பெயர். ஆற்றின் இந்தப் பக்கமும் மேடுகள் கூட்டமாக இருந்தன. பெரியதை 1869இல் வெட்டி முடித்தார்கள், மண் ரயில் பாதைக்குக் கரைபோடப் போனது. வெட்ட வெட்ட எடுத்த புகைப்படங்கள் இருக்கின்றன, பாதி அறுபட்ட மேட்டின்மேல் ஆட்கள் நிற்கிறார்கள். மறுகரையில் பவல் மேடு, கஹோக்கியாவின் மிகப் பெரிய மேடுகளில் ஒன்று. 1930-31இல் நீராவி மண்வாரியை வைத்து வாரிப் பள்ளம் நிரப்பினார்கள், பயிர் செய்ய நிலம் வேண்டுமென்று. 1925இல் மாநில அரசு வாங்கிய நிலம் 144 ஏக்கர்தான். பவல் மேடு அதற்கு வெளியே இருந்தது. பிற்பாடு தளத்துக்குள்ளேயே வீட்டுமனைகள் வந்தன, காரில் உட்கார்ந்து படம் பார்க்கும் திறந்தவெளித் திரையரங்கம் வந்தது. யுனெஸ்கோ 1982இல் பட்டியலில் சேர்த்தது. இன்று பாதுகாப்பில் இருப்பது 2,200 ஏக்கர். பழைய நகரத்தின் பெரும்பகுதி அதற்குள் இருந்தாலும் முழுதும் இல்லை.

பெரிய மேட்டின் உச்சியில் நின்று மேற்கே பார்த்தால் செயின்ட் லூயிஸ் நகரின் பெரிய நினைவு வளைவு தெரியும். அதற்கு முன்னால் இன்னொரு பெரிய மேடு தெரியும், பச்சையாக. முதல் தடவை வருகிறவர்கள் அதையும் புராதன மேடு என்று காட்டிக் கேட்பார்கள். அது இந்தக் காலத்துக் குப்பைமேடு. மண்ணைச் சோதித்துச் சம்பளம் வாங்கும் ஆள் நான், அந்தக் குப்பையை எப்படி அடைத்து மூடியிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். அதன் களிமண் மூடிக்கும் மாங்க்ஸ் மவுண்ட் களிமண்ணுக்கும் பிரச்சினை ஒன்றேதான், தண்ணீரை எங்கே விடுவது. என் துறையில் எத்தனையோ பேர் தினமும் அதைத் தாண்டி வேலைக்குப் போகிறார்கள், பக்கத்தில் இருக்கும் தொள்ளாயிரம் ஆண்டுப் பாடத்தைப் பார்க்க யாரும் இறங்குவதில்லை. எனக்கு அது வருத்தம்.

மே 5

நகரமா, யாத்திரைத் தலமா என்று மேலே இரண்டு பேர் நல்ல விவாதம் நடத்துகிறார்கள். மார்ச்சில் நகரம்தான் என்று ஒரே அடியாக எழுதினேன், இன்னும் அதே பக்கம்தான் நிற்கிறேன். ஆனால் இரண்டையும் பிரித்து எதிரெதிரே வைப்பது தேவையா என்று யோசிக்கிறேன். தெற்கே ஒரு கிலோமீட்டருக்கு நீர்நிலை நடுவே உயர்த்திப் போட்ட நடைபாதை ஒன்று இருக்கிறது, அது போய்ச் சேர்வது ஒரு புதைமேட்டுப் பக்கம். சந்தைக்குப் போக அப்படி ஒரு பாதையைப் போடமாட்டார்கள். அதே ஊரில்தான் செம்பைத் தட்டித் தகடாக்கிய பட்டறையும் 34ஆம் மேட்டுக்குப் பக்கத்தில் கிடைத்திருக்கிறது. 1050 வாக்கில் பழைய சிற்றூரின் வீடுகளைக் கலைத்துவிட்டுப் புதுத் திட்டத்தில் ஊர் எழுகிறது. தொல்லியலாளர் திமோத்தி பாக்கெட்டாட் அதைப் பெருவெடிப்பு என்கிறார். அவ்வளவு வேகமாக ஆட்கள் வந்து சேர வேண்டுமென்றால் வயிற்றுக்காக மட்டும் வந்திருக்க மாட்டார்கள் என்பதை ஒப்புக்கொள்கிறேன். கும்பிட வந்தவர் தங்கிவிட்டார், தங்கியவருக்கு வீடு வேண்டும், வீட்டுக்குச் சோறு வேண்டும், பானை செய்பவர் வேண்டும்.

1054இல் வானத்தில் வெடித்த நட்சத்திரத்தைப் பார்த்துத்தான் இதைத் தொடங்கினார்கள் என்று எழுதியிருப்பவருக்கு: காலம் பொருந்துகிறது, அவ்வளவுதான். அதை உறுதியாகச் சொல்ல அங்கே ஒன்றும் கிடைக்கவில்லை.

மே 22

முதலில் கேள்வி கேட்டவர் கோடையில் குழந்தைகளோடு மறுபடி வரப்போவதாக எழுதியிருக்கிறார். நல்லது. ஜூலையில் வெயிலும் புழுக்கமும் சேர்ந்து ஆளை வாட்டும், காலை எட்டு மணிக்குள் மேட்டில் ஏறிவிடுங்கள், தொப்பியும் தண்ணீரும் கட்டாயம், மேலே நிழல் கிடையாது. அருங்காட்சியகம் திறந்திருக்கிறதா என்று கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். நிலம் எப்படியும் நடந்து பார்க்கலாம். ஏறி இறங்கியதோடு திரும்பிவிடாமல் சதுக்கத்தைக் குறுக்கே தெற்கு ஓரம்வரை நடந்து, அங்கிருந்து திரும்பிப் பெரிய மேட்டைப் பாருங்கள். 72ஆம் மேடு இன்னும் தெற்கே, தனியாக இருக்கும். குழந்தைகளுக்கு அங்கே எவ்வளவு சொல்வது என்பதை முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். மரவட்டம் சாலை ஓரமாக மேற்கே, காரில் போவது சுலபம். மேடுகளில் படிக்கட்டு இல்லாத இடத்தில் ஏற வேண்டாம், குழந்தைகள் ஓடுவார்கள், பிடித்துக்கொள்ளுங்கள். காலடி பட்டுப் புல் போனால் அடுத்த மழைக்கு மண் வரும்.